பாகூர் சாலையில் ரென்ஸோவின் கார்

1

போன வாரம் குளவி ஒன்று எங்கள் சமையலறைக்குள் வந்துவிட்டது. பாரிஸுக்கு வெளியே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் நான் வேலை செய்கிறேன். பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு எடுத்து வைப்பது என் பொறுப்பு. மே மாதத்து வெயில் உள்ளே வரட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். வந்தது என் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத குளவி. நான் கையிலிருந்த தட்டோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். தட்டு ஆடியதில் ஆப்பிள் கூழ்க் கிண்ணங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து தரையில் விழுந்தன.

"மதாம் கோவிந்தசாமி, உங்க நாட்டுல புலியே இருக்கு, இதுக்கா பயப்படுறீங்க?" என்று கூட வேலை பார்க்கும் பெண்கள் சிரித்தார்கள்.

கோவிந்தசாமி என் அப்பா. புதுச்சேரி முதலியார்பேட்டையிலிருந்து சைக்கிளில் மில்லுக்குப் போய் வந்த மனிதர். விமானத்தில் ஏறியதே இல்லை. நான் இங்கே வந்தபோது நிரப்பக் கொடுத்த படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து எழுதினேன். அன்றிலிருந்து பத்தொன்பது வருடங்களாக வங்கியிலும் தபால் நிலையத்திலும் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். திலகவதி என்று கூப்பிட இந்த நாட்டில் மொத்தம் மூன்று பேர். என் கணவர் ஒருவர். மற்ற இரண்டு பேரும் இத்தாலிக்காரர்கள்.

"சின்ன வயசுலேர்ந்தே பயம்" என்று சொல்லிவிட்டுத் தரையைத் துடைத்தேன். அது பொய். ஜனவரியில் ஊருக்கு வந்தபோது நடந்ததை முழுதாகச் சொல்ல என் பிரெஞ்சு போதாது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

ரென்ஸோவும் மரியெல்லாவும் எங்கள் கட்டடத்தில் எதிர்வீட்டுக்காரர்கள். ரென்ஸோ தரைக்கு ஓடு பதிக்கும் வேலைக்காகப் பத்தொன்பது வயதில் இத்தாலியின் மலைக்கிராமம் ஒன்றிலிருந்து பிரான்சுக்கு வந்தவர். அவருக்கு இப்போது எழுபத்திரண்டு. பிள்ளைகள் இல்லை.

நான் வந்த முதல் வருடம் மரியெல்லா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். மூன்றாவது முறை பரிமாற வந்தபோது, வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல நினைத்து, எனக்குத் தெரிந்த நாலு சொற்களைக் கோத்து, "நான் நிறைந்தவள்" என்று பிரெஞ்சில் சொன்னேன். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். சினையாக இருக்கும் மாட்டைத்தான் அப்படிச் சொல்வார்களாம். மரியெல்லா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முப்பது வருடங்களுக்கு முன் தானும் ஒரு விருந்தில் அதே வாக்கியத்தைச் சொன்னவர்தான் என்றார்; இத்தாலியனில் அப்படிச் சொன்னால் தப்பில்லையாம். எங்கள் சிநேகம் அந்த மாட்டிலிருந்துதான் தொடங்கியது.

மகள் யாழினிக்கு மூன்று வயதானபோது நான் வேலைக்குப் போகத் தொடங்கினேன். பள்ளியிலிருந்து அவளைக் கூட்டி வந்து, நான் வரும்வரை வைத்திருந்தவர் மரியெல்லா. ஒன்பது வருடங்கள். மரியெல்லாவிடம் இத்தாலியன், பள்ளியில் பிரெஞ்சு, என்னிடம் தமிழ் என்றுதான் ஆரம்பித்தது. பத்து வயதில் என்னிடமும் பிரெஞ்சாகிவிட்டது. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். இங்கே யாருக்கும் 'ழ' வராது. அவளைப் பள்ளியில் யாலினி என்றார்கள். கொஞ்ச நாளில் அவளும் தன் பெயரை யாலினி என்றுதான் சொன்னாள். திருத்தித் திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.

என் தம்பி கல்யாணத்துக்கு இவர்களையும் புதுச்சேரிக்குக் கூட்டி வந்தோம். ஊர் பிடித்துப்போயிற்று. ரென்ஸோ ஓய்வு பெற்ற பிறகு வருடாவருடம் குளிர்காலத்துக்கு வந்துவிடுகிறார்கள். வைத்திக்குப்பத்தில் ஒரு மாடி வாடகைக்கு. காலையில் ரென்ஸோ கடற்கரைக்குப் போய்ப் படகு வந்ததும் மீன்காரம்மாக்களோடு கை ஜாடையில் சண்டை போட்டு வஞ்சிரம் வாங்கி வருவார். மூன்று வார லீவில் ஊருக்கு வரும் எனக்கு எந்தக் கடையில் காப்பி நன்றாக இருக்கிறது என்று மரியெல்லா சொல்லிக்கொடுப்பார். எங்கள் ஊரில் நான் விருந்தாளி, அவர்கள் வீட்டுக்காரர்கள்.

வீட்டு உரிமையாளருடைய கார் ஒன்று கீழே ஷெட்டில் வருடக்கணக்கில் துரு ஏறி நின்றது. வெளிர்நீல நிறம், சோபா போல நீள சீட்டு, ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். ரென்ஸோ இரண்டு குளிர்காலம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்து அதை ஓட வைத்துவிட்டார். முன்பக்கத்து இடது ஜன்னல் கண்ணாடி மட்டும் கீழே இறங்கியது இறங்கியதுதான், மேலே ஏறவில்லை.

3

பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, பாகூர் ஏரியைப் பார்த்துவிட்டு வயல் பக்கம் ஒரு சுற்று சுற்றிவரலாம் என்று கிளம்பினோம். என் கணவருக்கு லீவு கிடைக்காததால் அவர் பிரான்சிலேயே இருந்தார். முன்னால் ரென்ஸோவும் யாழினியும். பின்னால் மரியெல்லாவும் நானும். யாழினிக்குப் பதினேழு முடிந்திருந்தது. ரென்ஸோ அவளுக்கு அந்தக் காரின் கியரைப் பழக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் இத்தாலியனில் பேசிச் சிரித்தபடி வந்தார்கள். மரியெல்லா புரிந்து சிரித்தார். நான் ஜன்னல் வழியாக முதலியார்பேட்டையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அரியாங்குப்பம் பாலம் தாண்டியதும் ரென்ஸோ காரை ஓரம் கட்டினார். நெற்றியெல்லாம் வியர்வை. அவர் கேட்கவே இல்லை; யாழினி தன் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, ஒரு மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

"என்ன மாத்திர அது?" என்றேன்.

"வைட்டமின்" என்றாள் யாழினி, திரும்பாமலே.

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. எனக்குத் தெரிந்த முகம்தான் அது. எட்டு வயதில் அவளை விசா அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். என் கணவர் பகல் வேலை. எனக்குத் துணை அவள்தான். கவுண்டர் அவள் தலைக்கு மேலே இருக்கும். பெருவிரலில் எக்கி நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண் சொல்வதைக் கேட்டு எனக்குத் தமிழில் சொல்வாள். அந்தப் பெண் இரண்டு நிமிடம் பேசுவார். யாழினி, "ஒரு பேப்பர் இல்லையாம், இன்னொரு நாளு வரணுமாம்" என்பாள். இரண்டு நிமிடப் பேச்சு எப்படி ஆறு சொல்லாயிற்று என்று நான் கேட்டதில்லை. அந்த நேரத்தில் அவள் முகத்தில் எதுவுமே இருக்காது. துடைத்துவைத்த பலகை போல இருக்கும்.

அதே முகத்தோடு அவள் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தாள். நான் மேலே கேட்கவில்லை.

4

ஏரியைப் பார்த்தோம். கரையில் மரியெல்லா கொண்டுவந்த ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டோம். அங்கிருந்து மேற்கே போகும் சின்னச் சாலையில் இறங்கினோம். அறுவடை நேரம். ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் நெல். ஒன்றிரண்டு கிலோமீட்டர் போனதும் காரின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. வரிசையாக நின்ற பனைமரங்களின் நிழலில் ரென்ஸோ வண்டியை நிறுத்தினார். யாழினியும் தண்ணீர் பாட்டிலோடு அவர் பின்னால் இறங்கினாள்.

பானட்டைத் தூக்கியதும் ஆவியும் எண்ணெய் கருகிய புகையும் குபுகுபுவென்று மேலே போயின. ரென்ஸோ எதையோ ஸ்பேனரால் தட்டினார். மேலே ஒரு பனையின் மட்டைகளுக்கு நடுவில் மண்பானை கவிழ்த்தது போல ஏதோ இருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் அது என்னவென்று எனக்கு உறைக்கவில்லை. பத்தொன்பது வருடம் முன்னாலென்றால் உறைத்திருக்கும்.

சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு வயலிலிருந்து ஒரு பெண்ணின் கூச்சல்.

"கதண்டு! கதண்டு! யம்மா, வண்டிக்குள்ள பூந்துக்க! ஓடாத!"

பனையில் கூடு கட்டும் அந்தக் குளவியை இந்தக் காலத்தில் டவுனில் வளர்கிறவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். அரை விரல் நீளம் இருக்கும். கூட்டமாக வந்தால் மாட்டைக்கூட சாய்த்துவிடும்.

ரென்ஸோவுக்குத் தமிழ் புரியாது. ஆனால் புரிந்துகொண்டார். யாழினியின் தோளைப் பிடித்து முன்சீட்டுக்குள் தள்ளிக் கதவை அறைந்து சாத்தினார். ஏறாத கண்ணாடி அந்தப் பக்கத்து ஜன்னலில்தான். அவர் ஓடிப்போய்ச் சுற்றி வந்து டிரைவர் சீட்டில் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. சட்டையை விரித்து, திறந்திருந்த ஜன்னலில் தன் முதுகை வைத்து அடைத்துக்கொண்டு நின்றார்.

"ரென்ஸோ!" என்று யாழினி அலறினாள். அவர் முதுகைத் தள்ளினாள். அவர் நகரவில்லை.

மரியெல்லா தன் பக்கத்துக் கதவின் கைப்பிடியைப் பிடித்தார். நான் அவர் மேல் விழுந்து அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் இத்தாலியனில் கத்தினார், என் தோளில் அடித்தார். நான் விடவில்லை. கதவு திறந்தால் முன்னால் என் பிள்ளை இருக்கிறாள். அது ஒன்றுதான் அப்போது எனக்குத் தெரிந்தது. ஒரு மனிதர் வெளியே நின்று கொட்டு வாங்கிக்கொண்டிருக்க, அவர் மனைவியைப் போகவிடாமல் நான் பிடித்துவைத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நிமிடம் இருக்கலாம்.

வயலில் கத்திய பெண் நனைத்த சாக்குகளைத் தலையில் போர்த்திக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டபடி பின்னால் வந்தார். இருவருமாக ரென்ஸோவைச் சாக்கால் மூடி, காரை விட்டு விலக்கி, பம்புசெட் கொட்டகைக்கு இழுத்துப் போனார்கள். புகை தணிந்து, சத்தம் மேலே போன பிறகுதான் நான் கையை எடுத்தேன். மரியெல்லாவின் மணிக்கட்டில் என் விரல்கள் பதிந்திருந்தன. யாழினிக்குக் கழுத்தில் இரண்டு கொட்டு. எனக்கு வலது கையில் ஒன்று.

5

ரென்ஸோவின் உதடுகள் தடித்துவிட்டன. கண் இமைகள் ஒட்டிக்கொண்டன. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். எந்த இடம் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் போனைப் பிடுங்கினாள். அவள் பெயர் அஞ்சலை.

"இந்த வரப்பு வரைக்கும் பாண்டி, அந்தாண்ட கடலூரு. நாங்க வரப்பு மேலயே நிக்கிறோம், எந்த வண்டி கிட்டக்க இருக்கோ அத்த அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "இருபது நிமிசம் ஆவும்ங்கிறாங்க. ஆளு தாங்க மாட்டாரு. வண்டிய எடு நீ."

"எனக்கு இந்த ஊர்ல ஓட்டிப் பழக்கமில்லம்மா."

"எந்த ஊர்லயாச்சும் ஓட்டுவியா?"

"ஓட்டுவேன்."

"அப்பறம் என்னா? எடு!"

யாழினி ஏற்கெனவே பானட்டடியில் இருந்தாள். ஈரச் சாக்கை ரேடியேட்டர் மூடியில் போர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, அஞ்சலையின் புருஷன் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றினாள். ரென்ஸோவைப் பின்சீட்டில் மரியெல்லாவின் மடியில் படுக்க வைத்தோம். நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். பிரான்சில் ஓட்டுவது வலது பக்கம். கியர் வலது கையில். இங்கே எல்லாம் தலைகீழ்.

"உன் பக்கமா இழு. கீழ. இப்ப கிளட்ச்சை விடு, மெதுவா" என்றாள் யாழினி பிரெஞ்சில். கார் குதித்து நகர்ந்தது.

சாலையில் பாதிக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். நான் நெல் மேலேயே ஏற்றினேன். ஒரு பெரியவர் துடைப்பத்தை வீசிக்கொண்டு ஓடி வந்தார். பின்சீட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். இரண்டாவது கியருக்கு மாற்றும்போதெல்லாம் எஞ்சின் பல்லைக் கடிப்பது போலச் சத்தம் போட்டது. பின்னால் மரியெல்லா பேசிக்கொண்டே வந்தார். ஐம்பது வருடமாகப் பேசிய பிரெஞ்சு அவரை விட்டுப் போயிருந்தது. எல்லாம் இத்தாலியன்.

"என்ன சொல்றாங்க?"

"மூச்சு இழுக்குதாம். கூப்பிட்டா பதில் இல்லையாம்."

பாகூர் வளைவுக்குப் பிறகு முன்னால் ஒரு கரும்பு டிராக்டர். சாலையை முழுதாக அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போனது. டிரைவர் காதில் ஏதோ பாட்டு. ஹாரனை அழுத்தினேன், ஈனமாக ஒரு சத்தம் வந்தது. மறுபடி அழுத்தினேன்; அதுவும் வரவில்லை.

யாழினி அந்தக் கண்ணாடியில்லா ஜன்னலில் இடுப்பு வரை வெளியே எக்கினாள். நான் ஒரு கையால் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணா! வலி! வலி விடுங்க! அண்ணா, வலி!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். வழி என்றுதான் கேட்டாள். அவள் வாயில் 'ழ' இல்லை.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். பின்சீட்டில் யாரோ படுத்திருப்பது தெரிந்திருக்க வேண்டும். "வலியா? அய்யய்யோ, போங்க போங்க!" என்று டிராக்டரைக் கரும்போடு வயலோரம் இறக்கிவிட்டார். நாங்கள் தாண்டும்போது, "தாயும் புள்ளையும் நல்லா இருக்கணும்!" என்று கத்தினார்.

எத்தனையோ வருடம் அவள் உச்சரிப்பைத் திருத்தியவள் நான். அன்று அவள் சரியாகச் சொல்லியிருந்தால் அந்த ஆள் நகர்ந்திருப்பாரா, தெரியாது.

6

கடலூர் சாலையில் இருந்த ஆஸ்பத்திரி வாசலில் நான் பிரேக்கை மிதித்தபோது கார் படியை இடித்துத்தான் நின்றது. இரண்டு பேர் ஸ்டிரெச்சரோடு ஓடி வந்தார்கள். கேள்வி எதுவும் கேட்காமல் உள்ளே கொண்டுபோனார்கள். இளம் பெண் டாக்டர் ஒருவர் ஊசியைத் தயார் செய்தபடியே கேட்டார்.

"வயசு?"

"எழுபத்தி ரெண்டு."

"இதுக்கு முன்னாடி ஹார்ட் பிராப்ளம் ஏதாச்சும்? மாத்திரை எடுக்கிறாரா?"

"இல்ல டாக்டர். நல்லா இருக்காரு. வெறும் வைட்டமின்தான்" என்றேன் நான்.

"இருக்கு" என்றாள் யாழினி. தமிழில்தான் சொன்னாள். பையிலிருந்து டப்பாவை எடுத்து டாக்டரின் கையில் வைத்தாள். "ஹார்ட்டுக்கு. காலைல ஒண்ணு, மதியம் ஒண்ணு. செப்டம்பர்ல ஸ்டென்ட் வச்சாங்க."

டாக்டர் டப்பாவைப் படித்தார். ஊசியைக் கீழே வைக்கவில்லை, ஆனால் நர்ஸிடம் வேறு மருந்தின் பெயர் ஒன்றையும் சொல்லி, ஓடு என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இந்த மாத்திரை எடுக்கிறவங்களுக்கு நாங்க சாதாரணமா போடுற ஊசி சரியா வேலை செய்யாது. பாப்பா சொன்னது நல்லதாச்சு." கதவு சாத்தப்பட்டது.

என் கையிலும் அவள் கழுத்திலும் மருந்து தடவி, ஊசி போட்டு, வெளியே அனுப்பினார்கள். பதிவு மேசையில் ஒரு பையன் பொறுமையாகப் படிவத்தை நிரப்பினான். நோயாளி இத்தாலி பாஸ்போர்ட். மனைவியும் அப்படியே. கூட வந்தவர்கள்?

"நான். இது என் பொண்ணு."

"ஆதார் இருக்காக்கா?"

"இல்லப்பா. பிரெஞ்சு பாஸ்போர்ட்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நாலு பேருமே ஃபாரினர்ஸாக்கா? நீங்க நம்ம ஊரு பேச்சு பேசுறீங்களே."

"முதலியார்பேட்டை" என்றேன். நான் பிறந்த வீடு அங்கிருந்து அரை மணி நேரம்கூட இல்லை.

"நோயாளிக்கு நீங்க என்ன ஒறவு?"

நான் யோசித்தேன். எதிர்வீடு என்பதா? சிநேகிதர் என்பதா? யாழினி குனிந்து, பிரெஞ்சில், "உன் அண்ணன்னு எழுதச் சொல்லு" என்றாள். எழுதச் சொன்னேன். அவன் மறுபேச்சு பேசாமல் எழுதிக்கொண்டான்.

7

மரியெல்லா தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் யாழினியைத் தாழ்வாரத்தின் மறுகோடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பயம் கொஞ்சம் இறங்கியதும் அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்திருந்தது.

"ஸ்டென்ட்டுன்னா என்னான்னு ஒனக்குத் தெரியுமா? செப்டம்பர்லேர்ந்து எங்கிட்ட மறச்சிருக்க."

"கார் ஓட்டக் கூடாதுன்னும் சொல்லியிருக்காங்க" என்றாள். இப்போது பிரெஞ்சு. "வெயில்ல அலையக் கூடாதுன்னும். உனக்குத் தெரிஞ்சா அவங்களை ஊருக்கு வர விடமாட்டியோன்னு ரென்ஸோ பயந்தார். சொல்லாதேன்னு கேட்டார். சரின்னேன்."

"அவங்க சொன்னா சரி. அம்மாகிட்ட சொல்லணும்னு தோணல. அவங்கதான் ஒன்ன வளத்தாங்க, நான் யாரோ."

இதைச் சொன்னதும் எனக்கே கேவலமாக இருந்தது. உள்ளே ஒரு மனிதர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

யாழினி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கழுத்து வீங்கி, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பேசினாள்.

"எட்டு வயசுலேர்ந்து கெட்ட செய்தி எல்லாத்தையும் நான்தான் உனக்குச் சொல்றேன். பிரான்ஸ்ல தங்குறதுக்கான கார்டு தரமாட்டாங்கன்னு நான் சொன்னேன். வீட்டைக் காலி பண்ணணும்னு வந்த கடிதத்தை நான் படிச்சேன். ஒன்பது வயசுல, ஆஸ்பத்திரியில, அந்த டாக்டர்..." அங்கே நிறுத்தினாள்.

எந்த நாளைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

யாழினிக்குப் பிறகு ஒரு பிள்ளை எனக்கு ஆறாவது மாதத்தில் போயிற்று. அன்று பரிசோதனைக்கு இவளைத்தான் கூட்டிப் போயிருந்தேன். டாக்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நீளமாக ஏதோ சொன்னார். எனக்குப் பாதி புரியவில்லை. இவள் கேட்டுவிட்டு, "பாப்பா தூங்குதாம். நாளைக்கு அப்பாவோட வரச் சொல்றாங்க" என்றாள். நான் நம்பினேன். வீட்டுக்குப் போய் அவளுக்குத் தோசை சுட்டுக் கொடுத்தேன். மறுநாள் என் கணவர்தான் அழுதுகொண்டே சொன்னார். சின்னப் பிள்ளை, அவளுக்கு டாக்டர் பேசியது புரிந்திருக்காது என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் புரிஞ்சுது" என்றாள். "இதயம் நின்னுடுச்சுன்னு தெளிவா சொன்னார். தமிழ்ல அதை எப்படிச் சொல்றதுன்னும் தெரிஞ்சுது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியல. ராத்திரி நீ பாட்டுப் பாடிக்கிட்டே பாத்திரம் கழுவினே. நான் போர்வைக்குள்ள இருந்து கேட்டுக்கிட்டிருந்தேன்." மூச்சு வாங்கினாள். "ரென்ஸோவுக்கு இதயம்னு தெரிஞ்சப்போ, மறுபடி உன்கிட்ட இதயம்னு வந்து நிக்க என்னால முடியலம்மா."

அவளைத் தொடக்கூடப் பயமாக இருந்தது.

அப்போது கதவு திறந்து டாக்டர் வெளியே வந்தார். மரியெல்லா எழுந்து நின்றார். டாக்டர் தமிழில், என்னைப் பார்த்துச் சொன்னார். மொத்தம் இருபத்தேழு கொட்டு. இறங்கிப்போயிருந்த பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆனால் விஷம் கிட்னியைத் தாக்க ஆரம்பித்திருக்கிறது, இதயமும் பலவீனம். அடுத்த இரண்டு நாள் எதுவும் சொல்ல முடியாது. பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். குடும்பத்தாருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மரியெல்லா என்னைப் பார்க்கவில்லை. யாழினியைப் பார்த்தார். யாழினி பழக்கத்தில் ஒரு அடி முன்னால் வந்தாள். அவள் முகம் துடைத்த பலகையாக மாறுவதை நான் கண்ணால் பார்த்தேன்.

"நீ உக்காரு" என்றேன். "நான் சொல்றேன்."

"உன் பிரெஞ்சு..."

"உக்காருடி கண்ணு."

மரியெல்லாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். என் விரல் பதிந்த மணிக்கட்டு நீலம் பாரித்திருந்தது. பிரெஞ்சில் சொன்னேன். ஆண்பால் பெண்பால் எல்லாம் தப்பாக வந்தது. கிட்னிக்குச் சொல் மறந்துபோய் என் இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். பிழைக்காமலும் போகலாம் என்ற இடத்தில் நிறுத்தாமல், சுற்றி வளைக்காமல், அப்படியே சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார். பிறகு அதே பிரெஞ்சில், "கதவைத் திறக்க விடாமல் பிடித்தாயே" என்றார்.

"ஆமாம்."

"நானும் உன் இடத்தில் இருந்தால் பிடித்திருப்பேன்." சொன்ன பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார்.

யாழினி நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். ஒன்பது வயதில் அழாததையும் சேர்த்து அழுவது போல, வாய் விட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

8

மூன்று முறை டயாலிசிஸ் செய்தார்கள். ஐந்தாம் நாள் ரென்ஸோவுக்குச் சிறுநீர் ஒழுங்காகப் பிரிந்தது. ஏழாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். ஒரு முறை அஞ்சலையும் அவள் புருஷனும் இளநீரோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கூட்டைத் தீயணைப்பு வீரர்கள் அழித்துவிட்டார்களாம். நான் பிரான்சுக்குப் போன் செய்து லீவை நீட்டிக்கொண்டேன்.

எட்டாம் நாள் காலை, டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனார். ரென்ஸோ கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் இன்னும் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

"கார் எப்படி இருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்டார்.

"நன்றாக இருக்கிறது. ஷெட்டில் நிற்கிறது" என்றேன்.

"ஏப்ரலில் பிரான்சுக்குத் திரும்புவதற்குள் அந்த ரேடியேட்டரை மாற்றிவிட வேண்டும்."

மரியெல்லா தரையைப் பார்த்தார். யாழினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"ரென்ஸோ, நீங்கள் இனிமேல் கார் ஓட்டக் கூடாது. இங்கேயும் கூடாது, அங்கேயும் கூடாது. டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் இங்கே வர முடியுமா என்பதையும் இப்போது சொல்ல முடியாது என்கிறார்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி யாழினியிடம் இத்தாலியனில் மெல்ல ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பு எனக்குத் தேவைப்படவில்லை. உன் அம்மா பிரெஞ்சில் தப்பும் தவறுமாகப் பேசுவாள், உண்மையில் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கிறார். கொஞ்சம் குறைத்துச் சொல்லேன் என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

யாழினி ஜன்னலை விட்டு வந்து என் ஸ்டூலுக்குப் பின்னால் நின்றாள். என் இரண்டு தோளிலும் கை வைத்தாள்.

"அம்மா சொன்னதுதான்" என்றாள்.